மூன்று மாத மாப்பிள்ளை

1

போன வாரம் என் மகனுடைய பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ஒருவன் கடை என்றிருக்கிறான். இன்னொருவன் வத்தேகமப் பக்கம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றிருக்கிறான். என் மகன் எழுந்து நின்று, "டெம்பரரி" என்றானாம். வாத்தியார் சிரிக்கக்கூட இல்லையாம். கண்டியில் அதுவும் ஒரு வேலைதான் என்று அவருக்கும் தெரியும்.

இதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொல்கிறான். உனக்கு ஊர் எது என்று கேட்டால், கண்டியில் நாங்கள் குடியிருக்கிற மஹய்யாவ மேட்டைச் சொல்வான். கடல் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டால், கண்டி வாவியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமா என்று திருப்பிக் கேட்பான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்து உப்புக் காற்றில் வளர்ந்த எனக்கு வாய்த்த பிள்ளை இது! கோபம் வந்தால் சிங்களத்தில் முணுமுணுக்கிறான். அப்பாவுக்கு விளங்காது என்று நினைப்பு. நான் இங்கே வந்து முதலில் கற்றுக்கொண்டதே திட்டுகளைத்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

அதே வாரத்தில் கொழும்பில் அரசாங்க சபை கூடி எங்கள் கந்தோருக்கு இன்னும் மூன்று மாதம் ஆயுள் கொடுத்தது. கந்தோர் என்றால் ஆபீஸ். இந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் அண்ணனிடமிருந்தும் கடிதம் வந்தது. அவன் கடிதத்தில் கடைசி வரி எப்போதும் ஒன்றேதான்: "ஏலே, வேலை நிரந்தரமாச்சா இல்லையா?" இதையே ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் எல்லாரும் நேரிலும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். என் வேலை ஒரு வீட்டையே ஆட்டிவைத்த கதை இது.

2

முதலில் இந்த மூன்று மாத விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் ஒரு வருஷத்துக்குச் செலவு செய்ய, அப்போதிருந்த சட்டசபை அனுமதி தர வேண்டும். சபையில் இருக்கிற கனவான்களோ பேசுவதற்கென்றே பிறந்தவர்கள். ஒரு பாலத்துக்குச் சாந்து பூசுவதைப் பற்றி எழுந்தால், பாலம் இடிந்து விழும் வரைக்கும் உட்கார மாட்டார்கள். வருஷம் முடிந்துவிடும், பேச்சு முடியாது. அதற்காகச் சர்க்காரைப் பட்டினி போட முடியுமா? ஆகவே, 'இப்போதைக்கு மூன்று மாதச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்' என்று ஒரு தற்காலிக மானியத்தை நிறைவேற்றுவார்கள். போலீஸ், தபால் மாதிரி நிரந்தரமான இலாகாக்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. எங்களைப் போன்ற தற்காலிகக் கந்தோர்கள் அந்த மானியத்தில் ஒரு வரியாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். வரி இருந்தால் பிழைப்பு. வரி விழுந்தால் மறுநாள் கதவுக்குப் பூட்டு.

எங்கள் கந்தோருக்கு வேலை வண்டி எண்ணுவது. சிரிக்காதீர்கள். கண்டியிலிருந்து கலகெதர வழியாகக் குருநாகலுக்குப் போகிற பாதையை அகலப்படுத்த வேண்டுமா, வேண்டாமா என்று சர்க்காருக்கு ஒரு சந்தேகம். எத்தனை மாட்டுவண்டி போகிறது, எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று எண்ணி அறிக்கை கொடுத்துவிட்டால் எங்கள் வேலை தீர்ந்தது. சில மாதத்தில் முடிகிற காரியம் என்றுதான் என்னை எடுத்தார்கள். வண்டிக்காரர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் எனக்கு இடம் கிடைத்தது. தனுஷ்கோடியில் கப்பலேற்றிவிட்டபோது அண்ணன், "ஆறு மாசந்தானல, போயிட்டு வா" என்றான். நானும் ஆறு மாதத்துக்கு ஏற்ற துணிதான் கொண்டுவந்தேன்.

கந்தோருக்குக் கண்டி வாவிக் கரையில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டைக் கொடுத்திருந்தார்கள். தற்காலிகக் கந்தோர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று சட்டம். அதனால் சுவர்க்கடிகாரத்தை அலுமாரியின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தோம். மணி பார்க்க வேண்டுமென்றால் கதிரையில், அதாவது நாற்காலியில், ஏறிக் குனிந்து பார்க்க வேண்டும். அலுமாரியும் எங்களுடையதல்ல, தாள்கள் எல்லாம் தேயிலைப் பெட்டிகளில் கிடந்தன. மழைக்காலத்தில் அவற்றை எடுத்தால் சர்க்கார் வாசனையே வராது, நல்ல தேயிலை வாசனை வரும்.

தலைமைக் கிளாக்கர் சின்னத்தம்பியர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் வந்த புதிதில், இளரத்தம் அல்லவா, எண்ணியவரைக்கும் சுருக்கி எழுதி அறிக்கையை முடித்துவிடலாமே ஐயா என்று அவரிடம் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, உமக்குக் கலியாணம் ஆகேல்லையோ?" என்றார். இல்லை ஐயா என்றேன். "அதுதான் அவசரப்படுறீர். அறிக்கை முடிஞ்சுதெண்டால் கந்தோரும் முடிஞ்சுது. போய் ஆறுதலா எண்ணும்."

ஆறுதலாக, அதாவது மெதுவாகத்தான் எண்ணினோம். எங்கள் கந்தோருக்கு மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை சீமைக்கு விடுமுறையில் போனார். அவருக்குப் பதிலாக வந்த துரை, பழைய கணக்கு தனக்கு ஆகாது என்று முதலிலிருந்து எண்ணச் சொன்னார். அதற்குள் மோட்டார் லொறி வந்துவிட்டது. லொறி வண்டியா இல்லையா என்று கொழும்புக்கு எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. கடைசியில் வேறொரு இலாகா வந்து அந்தப் பாதையை அகலப்படுத்தியே முடித்துவிட்டது. அகலப்படுத்திய பாதையின் ஓரத்தில் குடையோடு நின்றுகொண்டு, இதை அகலப்படுத்தலாமா என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

மானியம் வரும் காலம் நெருங்கினால் கந்தோரில் பக்தி பெருகும். சின்னத்தம்பியர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். கந்தோர்ச் சேவகன் புத்தருடைய பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் பூக் கொண்டுபோவான். நான் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்துவேன். நாங்கள் தேநீர் குடிக்கிற கடைக்காரர் காதர் நானா, தாமும் தொழுகையில் எங்களுக்காகக் கேட்டதாகச் சொல்வார். இத்தனை பேர் சேர்ந்து இறைஞ்சியும் மேலே இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கூட்டித் தரவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத மனக்குறை.

3

இப்படிப்பட்டவனுக்கு ஆசை வரலாமா? வந்தது.

மஹய்யாவ வேதக்கோயிலில் பாட்டுக் கூட்டத்தை நடத்தியவர் ஞானப்பிரகாசம் வாத்தியார். அவருடைய தகப்பனார் நம் நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். இவர் படித்து டவுனுக்கு இறங்கிப் பள்ளிக்கூட வாத்தியாரானவர். பொய் சொன்ன பிள்ளையைப் பிரம்பால் அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று அரை மணி நேரம் விளக்குகிறவர். பாட்டுக் கூட்டத்தில் அவருடைய மகள் சிசிலியும் இருந்தாள். நான் பாட்டுக் கேட்கத்தான் போனேன் என்று அண்ணனுக்கு எழுதினேன். அண்ணன் நம்பவில்லை.

எனக்காகக் காதர் நானா போய்ப் பெண் கேட்டார். வாத்தியாருக்கு என்னைப் பிடித்திருந்தது. என் எழுத்து அழகாக இருக்கிறதாம். ஆனால் ஒரே கேள்வி, வேலை நிரந்தரமா? அடுத்த மானியத்தோடு எங்களை நிரந்தரமாக்கப் போவதாகக் கந்தோரில் அப்போது பலமான பேச்சு. உள்ளதை உள்ளபடி நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம் ஊரில் கடலுக்குப் போகிறவனைப் பார்த்து, ஏலே, உன் வேலை நிரந்தரமா என்று யாராவது கேட்கிறார்களா? காலையில் போனவன் சாயங்காலம் வருவானா என்பதே தெரியாது. அவனுக்குப் பெண் கொடுக்கிறோம். இங்கே வண்டி எண்ணுகிறவன் மேல் ஒரு மாடுகூட முட்டாது, அவனுக்கு இத்தனை விசாரணை.

ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்கிற ஓலையை நம் வழக்கப்படி கோயிலில் வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் சட்டசபைச் செய்தி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் வாத்தியாரின் தம்பி ஆரோக்கியம். ஸ்டேஷனில் வேலை பார்த்ததால் கொழும்பு ரயிலில் வருகிற பத்திரிகை முதலில் அவர் கைக்குத்தான் வரும். எங்கள் கந்தோர் நிரந்தரமாகவில்லை. பழையபடி மூன்று மாதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலையை வாசித்தார். அவர் வெள்ளைக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். இந்தக் கலியாணத்துக்கு யாதொரு தடை உண்டென்று அறிந்தவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்று வழக்கமாக முடித்தார். அதைக் கேட்டுக்கொண்டு யாரும் எழுந்ததாக நம் ஊரில் நான் கண்டதில்லை. இங்கே முன்வரிசையில் ஞானப்பிரகாசம் வாத்தியார் எழுந்துவிட்டார்.

"சாமி, ஒரு தடை இருக்குங்க. மாப்பிள்ள டெம்பரரி."

பெண்ணின் தகப்பனே எழுந்து தடை சொன்னால் கோயில் என்ன ஆகும்! பாட்டுக் கூட்டத்தில் ஒரு பெண் இருமுவது போலச் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அந்த மனுஷன் என்னை அவமானப்படுத்த எழவில்லை என்பது பிற்பாடுதான் விளங்கியது. தெரிந்ததை மறைத்தால் பாவம் என்று சாமியார் சொன்னார், இவருக்கு ஒன்று தெரிந்திருந்தது, எழுந்துவிட்டார். அவ்வளவுதான். சாமியார் புத்தகத் தமிழில், "வாத்தியாரே, அமரும். திருச்சபை குறித்த தடைகளுள் இஃது இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஓலைக்குப் போனார்.

பூசை முடிந்து பின்னறையில் பஞ்சாயத்து நடந்தது. ஓலை மூன்றும் வாசித்தாயிற்று, கலியாணத்தை நிறுத்த முடியாது என்றார் சாமியார். கலியாணம் நடக்கட்டும், ஆனால் நிரந்தரமில்லாதவனோடு மகளைத் தனிக்குடித்தனம் அனுப்ப மாட்டேன் என்றார் வாத்தியார். வேலை நிரந்தரமாகும் வரை நான் அவர் வீட்டில் இருக்கலாம். வேலை போனால், கலியாணமாகாத கிளாக்கர்மார் கூடித் தங்குகிற என் பழைய வீட்டுக்கே நான் திரும்ப வேண்டும், அடுத்த வேலை கிடைக்கும் மட்டும் சிசிலி தாய் வீட்டில். இதற்குச் சரி என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் தலையில் கல்லைத் தூக்கி வை என்றிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

4

தினமும் சாயங்காலம் வாத்தியார் சட்டசபை நடவடிக்கைகளை வரி விடாமல் உரக்க வாசிப்பார். வீட்டையும் அந்த முறையிலேயே நடத்தினார். கலியாணம் முடிந்த முதல் இரவுச் சாப்பாட்டிலேயே எழுந்து நின்று, மாப்பிள்ளை இந்த வீட்டில் மூன்று மாதம் தற்காலிகமாகத் தங்குவதற்குச் சபை அனுமதி அளிக்கிறது என்று அறிவித்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கொழும்பில் எங்கள் கந்தோருக்கு நீட்டிப்பு வந்ததும் மஹய்யாவவில் எனக்கு நீட்டிப்புக் கூட்டம் நடக்கும். வாத்தியார்தான் சபைத் தலைவர். ஆரோக்கியச் சித்தப்பா எதிர்க்கட்சி. மாமியார் அன்னம்மாள் கவர்னர். எல்லாரும் பேசி முடித்தபின் அகப்பையோடு வந்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சிசிலிக்கு வோட்டு இல்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். யாருடைய புருஷனைப் பற்றி இவ்வளவு பேச்சும் நடக்கிறதோ அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் அதில் அபிப்பிராயம் இருந்தது.

முதலில் கேள்வி நேரம். மாப்பிள்ளை குறட்டை விடுவது உண்மையா என்று சித்தப்பா கேட்பார். விசாரித்துப் பதில் தரப்படும் என்பார் வாத்தியார். நெத்தலிக் குழம்பு சீக்கிரம் தீர்ந்துபோவது சம்பந்தமாக மாப்பிள்ளை என்ன சொல்ல விரும்புகிறார்? கடற்கரையில் பிறந்தவன், மலைக்கு வந்து கருவாட்டைப் பார்த்தால் சும்மா இருப்பேனா என்பதை நான் கௌரவமான மொழியில் சொல்ல வேண்டும். ஒரு முறை நான் கோபத்தில் எழுந்து, இதென்ன வீடா சர்க்கார் கச்சேரியா என்று கத்திவிட்டேன். சபையில் தகாத வார்த்தை பேசியதற்காக அதை வாபஸ் வாங்கச் சொன்னார் மாமனார். வாங்கினேன். என்ன செய்ய, அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

வெளியே சொன்னால் சிரிப்புத்தான். உள்ளே எனக்கு வலித்தது. எனக்கும் அவளுக்கும் என்று ஒரு கதவு வேண்டும், அதை நாங்களே சாத்தித் திறக்க வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை. மஹய்யாவ முழுவதற்கும் இந்த ஏற்பாடு தெரியும். பைப்படியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் என்னைக் கண்டால், "அண்ணே, பெர்மனன்ட் ஆயிட்டீங்களா? எப்ப தனிக்குடித்தனம்?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டு நிபந்தனை அந்தத் தெருவுக்கே மனப்பாடம். சின்னப் பிள்ளைகள்கூட எனக்கு மூன்று மாத மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காதர் நானாவிடம் ஒரு நாள் மனம்விட்டுச் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "கடைக்குப் பின்னால ஒரு காம்பரா சும்மாதான் ஈக்கிது தம்பி. வாப்பாட காலத்துல கட்டினது. எப்ப வேணும்டாலும் வாங்க" என்றார். காம்பரா என்றால் அறை. வேலை நிரந்தரமாகாமல் எப்படி வருவது நானா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவருடைய பாட்டனாரும் வாப்பாவும் அவரும் பிறந்ததிலிருந்து இறப்பது வரைக்கும் கடைதான். யாரும் அவர்களை நியமிக்கவுமில்லை, நீட்டிக்கவுமில்லை.

5

பிறகு நாட்டில் பெரிய மாறுதல் வந்தது. பழைய சட்டசபை போய் அரசாங்க சபை வந்தது. வயது வந்த எல்லாருக்கும் வோட்டு என்றார்கள், பெண்களுக்கும் உண்டு என்றார்கள். ஊரில் நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள். என் மாமனார் வீட்டுக் கூட்டத்தில் வாய் கிழியப் பேசினாலும், சர்க்கார் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பது பாவம் என்கிறவர். மனைவியையும் மகளையும் தாமே பெயர் பதியக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் கண்டியிலேயே பிறந்தவர்கள், தடையில்லாமல் பதிந்தாயிற்று.

எனக்குத்தான் கண்டம் வந்தது. வெளியூரிலிருந்து வந்தவன் என்பதால், இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவீரா என்று அந்த உத்தியோகஸ்தர் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதைப் பற்றியும் மூன்று மாதத்துக்கு மேல் சொல்லிப் பழகாத வாய் ஐயா இது. "இப்போதைக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தேர்தலன்று என் மனைவி ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு வோட்டுப் போடப் போனாள். நான் வெளியே நின்று அவளுடைய குடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்க சபையில் ஆளும் புதிது, முறையும் புதிது. அதோடு தேயிலை விலை விழுந்து, எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு என்ற பேச்சு. எங்கள் மூன்று மாதம் முடியப் போகிறது, கொழும்பிலிருந்து மூச்சில்லை. கடைசி நாளன்று சின்னத்தம்பியர் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தார். சுவருக்குத்தான் ஆணி கூடாது, பெட்டிக்குக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அந்திக்குக் கதவைப் பூட்டிச் சாவியைப் பங்களாக் காவற்காரனிடம் கொடுத்தோம். "மேல ஒருதரும் எங்களை மூடச் சொல்லேல்லை, தம்பி. திறந்து வைக்கச் சொல்லவும் மறந்துபோச்சினம்" என்றார் கிழவர். கண் கலங்கியிருந்தது. நானும் அவரைப் பார்க்க முடியாமல் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதமே சபை விழித்துக்கொண்டு மறுபடி மூன்று மாதம் கொடுத்தது, கதவு திறந்தது, இன்று வரைக்கும் திறந்தேதான் இருக்கிறது. அது அப்போது யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலம் மஹய்யாவ மேட்டில் ஏறிப்போனவன் வேலையில்லாதவன். கோயிலின் பின்னறையில் நான் தலையாட்டியது முழுக்க நினைவில் இருந்தது.

6

எனக்கு முன்பே செய்தி போய்விட்டது. சபை கூடியிருந்தது. வாத்தியார் கதிரையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அவர் எதிர்க்கட்சியாக இல்லை, பாவம், சும்மா சித்தப்பாவாகத்தான் இருந்தார்.

மாமனார் எழுந்து பேசினார். தமக்கு மாப்பிள்ளை மேல் எந்த வருத்தமும் இல்லை என்றார். ஆனால் கந்தோருக்கு நீட்டிப்பு இல்லாதபோது வீட்டில் நீட்டிப்புக்கு வழியில்லை, ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான் என்றார். நாளைக் காலையில் நான் பழைய வீட்டுக்குப் போக வேண்டும், வேலை கிடைத்ததும் வந்து மகளைப் பார்க்கலாம். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. உடைந்தாலும் முடிக்கிறவர் அவர்.

அடுப்படிக் கதவு திறந்து சிசிலி வெளியே வந்தாள். கையில் மாவு. சபைக்குள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

வாத்தியாருக்குப் பழக்க தோஷம். இந்தச் சபையில் அங்கத்தவர் மட்டுமே பேசலாம் என்று முறையை எடுத்துச் சொல்லத் தொடங்கினார்.

"நான் வோட்டுப் போட்டவ அப்பா. நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த மாவைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"கோயில்ல சாமியார் கேட்டப்போ, மூணு மாசத்துக்கு சம்மதம்னு நான் சொல்லல. இவரு எங்க போறாரோ அங்க நானும் போறேன். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம். வந்த நாளிலிருந்து என்னைக் கந்தோரும் எடைபோட்டது, கோயிலும் எடைபோட்டது, சபைகளும் எடைபோட்டன. தராசில் ஏற்றாமலே என்னை ஒருத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

எல்லாரும் கவர்னரைப் பார்த்தோம். மாமியார் உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு சோற்றுப் பானையும் இரண்டு தலையணையும் அவர் கையில் இருந்தன. தலையணைகளைப் புருஷன் கையில் திணித்து, "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? இருட்டுறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றார்.

காதர் நானாவின் காம்பராவுக்குத்தான் கிளம்பினோம். வேறு போக்கிடம் ஏது? எங்கள் துணிப்பெட்டியை நானும் சிசிலியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பானையைச் சித்தப்பா தூக்கிக்கொண்டார். பின்னால், பள்ளிக்கூடக் கோட்டும் தலைப்பாகையுமாக, இரண்டு கக்கத்திலும் தலையணையோடு என் மாமனார்.

பைப்படியில் வழக்கமான கூட்டம். பெட்டியையும் பானையையும் கண்டதும் எல்லாப் பெண்களும் குடங்களை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். பெட்டி வெளியே போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு அம்மாள் முகமெல்லாம் பல்லாக முன்னே வந்து கேட்டார்: "என்னங்க வாத்தியாரே, மாப்பிள்ள பெர்மனன்ட் ஆயிட்டாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிசிலியின் பக்கம் பெட்டி ஒரு முறை ஆடியது. பொய்க்குப் பிரம்பெடுக்கிற மனுஷன், மகளுடைய ஓலையிலேயே எழுந்து நின்று உண்மை பேசிய மனுஷன், இப்போது என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

அவர் நின்றார். நழுவின தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமா" என்றார். "இன்னைக்குத்தான் ஆச்சு."